கதையும் பேழையும்



பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர், பொங்கலை ஒட்டிச் சிறுவர் நாடகம் நடத்துவது பல ஊர்களில் வழக்கம். தில்லியில் நாம் குடியிருக்கும் பகுதியிலும் அவ்வழக்கம் உண்டு. சென்ற ஆண்டு சிறுவர்கள் தாமே தேர்ந்தெடுத்தது ‘மாயாபஜார்’. 1957-ஆம் ஆண்டில் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த அப்படத்தைப் பாட்டனாரும் பேரரும் ஒருங்கே அமர்ந்து இன்றும் கண்டு களிக்கிறார்கள். நாடகத்துக்குரிய பொருள்களைச் செய்து தரும் பொறுப்பு, பகலெல்லாம் அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்க்கும் நம்மிடம் வந்து சேர்ந்தது.

வேண்டியவை இரண்டு. ஒன்று, கடோத்கசனாக நடித்த எஸ். வி. ரங்காராவ் ஏந்தி வரும் கதை. மற்றொன்று, பிரியதரிசினி என்னும் மாயப் பேழை. திறப்பவருக்கு மிகப் பிரியமானது எதுவோ, அதுவே அதனுள் தெரியும். பலராமருக்குத் துரியோதனன் தெரிவான். வத்சலாவுக்கு அபிமன்யு தெரிவான். கண்ணனுக்கோ சகுனி தெரிவான்!

சாந்தினி சௌக்கை அடுத்த கினாரி பஜாரில் ராமலீலைக்குரிய கதைகளும் கிரீடங்களும் விலைக்குக் கிடைக்கும். வாங்கிவிடலாமே என்றோம். சிறுவர்கள் இசையவில்லை. “அது அனுமாருடையது, எங்களுக்குக் கடோத்கசனுடையதுதான் வேண்டும்” என்றார்கள்.

கடோத்கசன் வேடம் ஒரு பத்து வயதுச் சிறுவனுக்கு. தில்லியிலேயே பிறந்தவன். தமிழ் அவன் செவிக்குப் புரியும். நாவில் எளிதில் வாராது. ஒத்திகையில் அவன் உச்சரிப்பைக் கேட்டுப் பெரியவர் சிலர் நகைத்தனர். நகைத்தவருள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. அன்று முதல் அவன் வாய் திறப்பதையே விட்டுவிட்டான்.

முதலில் மண்பானையொன்றின்மேல் காகிதக் கூழை அப்பிக் கதை செய்தோம். அதை அவனால் தூக்கவே இயலவில்லை. மார்கழிப் பனியில் கூழும் உலராமல் பூசணம் பூத்தது. பிறகு, காற்றடைத்த பலூனின்மேல் பழைய தமிழ்ச் செய்தித்தாள்களைக் கீற்றுகளாகக் கிழித்து மைதாப் பசையால் ஒட்டினோம். ஒரு சுற்று நன்கு உலர்ந்த பின்னரே அடுத்த சுற்று; இவ்வாறு ஏழு சுற்று. பலூனைக் குத்திக் காற்றை நீக்கி மூங்கிற்கழியைச் செருகியபோது, கதை ஒரு தேங்காயின் எடைகூட இல்லை.

பேழையை ஒட்டுப்பலகையால் செய்தோம். உள்ளே தேய்த்த கண்ணாடி. அதன் பின்னே மெல்லிய தாளில் வரைந்த அபிமன்யுவின் படம். அதற்கும் பின்னே மின்கலத்தால் எரியும் சிறுவிளக்கு. விளக்கு எரியாதபோது கண்ணாடி வெறுமையாக இருக்கும். எரிந்ததும் உருவம் தோன்றும்.

வண்ணம் தீட்டுகையில் ஐயம் எழுந்தது. மூலப்படம் கறுப்பு வெள்ளை. தெலுங்குப் படம் 2010-இல் வண்ணமேற்றப்பட்டு வெளிவந்தது. எனினும் அது பிற்காலத்தார் ஏற்றிய வண்ணமே. மூலம் சொல்லாததை ஊகித்து எழுதும் சங்கடம் மொழிபெயர்ப்பாளருக்குப் புதிதன்று. சிறுவர்களைக் கேட்டோம். பொன்னிறமே என்று தீர்ப்பளித்தார்கள்.

பல நாள் பேசாதிருந்த அச்சிறுவன், பொன்வண்ணம் பூசிக்கொண்டே, “கதை என்பது சொல்வதா, அடிப்பதா?” என்று கேட்டான். இரண்டும்தான் என்றோம். அவன் சிரித்தான். பிறகு கையில் பட்டதற்கெல்லாம் பெயர் கேட்டான்: பசை, கீற்று, கழி, கீல், தாழ். ஒட்டாமல் மிஞ்சிய தாள்களில் எழுத்துக்கூட்டவும் தொடங்கினான். கை வேலையில் இருந்தபோது நாவின் கூச்சம் அவனுக்கு மறந்துபோயிற்று. நாமும் திருத்துவதை விட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டோம்.

நாடகத்தன்று இரண்டு இடங்களில் அவன் நா இடறியது. இடறிய சொல்லை மீண்டும் சொல்லிவிட்டு, கதையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே பேசினான். அவையில் ஒருவரும் நகைக்கவில்லை.

நேயர்களே, நம் குழந்தைகள் தமிழ் கற்க வகுப்பும் வேண்டும், நூலும் வேண்டும். அவற்றுடன் கைக்கு ஒரு வேலையும் கொடுத்துப் பாருங்கள். உங்கள் சங்கத்தில் அடுத்த முறை நாடகம் நடந்தால், கதையைக் கடையில் வாங்காதீர்கள்.