மீண்டும் பாறைக்குச் சென்றவர்: ஐராவதம் மகாதேவன்

ஐராவதம் மகாதேவன் பெற்ற பட்டம் சட்டத்தில். பார்த்த வேலை ஆட்சிப் பணி. பெயர் நிலைத்தது கல்வெட்டில். 1930 அக்டோபர் 2 அன்று பிறந்த அவர், திருச்சியிலும் பின்னர் சென்னை சட்டக் கல்லூரியிலும் பயின்று, 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். 1960களின் தொடக்கத்தில் சென்னையில் கைத்தறித் துறை இயக்குநராக இருந்த காலத்தில்தான், ஓய்வு நாட்களில் மலைக்குகைகளைத் தேடிப் போகத் தொடங்கினார்.

அந்தக் குகைகளில் சமணத் துறவியருக்காகப் பாறையிலேயே படுக்கைகள் வெட்டப்பட்டிருக்கும். மழைநீர் உள்ளே வழியாதபடி மேற்பாறையில் ஒரு விளிம்பு செதுக்கி, அதையொட்டிக் கொடையாளரின் பெயரை ஓரிரு வரிகளில் பொறித்திருப்பார்கள். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் கல்வெட்டு 1882இலேயே தெரியவந்தது. இவற்றின் மொழி தமிழ் என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஆயினும் பல வரிகள் பொருள் பிடிபடாமலே கிடந்தன.

சிக்கல் அவற்றில் வழங்கிய பிராமி எழுத்து முறையில் இருந்தது. அசோகர் காலப் பிராமியில் குறி எதுவும் இல்லாத எழுத்து அகரம் ஏறிய உயிர்மெய். பக்கத்தில் சிறு கோடு சேர்ந்தால் ஆகாரம். மிகப் பழைய தமிழ்க் குகைக் கல்வெட்டுகளிலோ குறியில்லாத எழுத்து வெறும் மெய். கோடு சேர்ந்தால் அது அகரமாகவும் இருக்கலாம், ஆகாரமாகவும் இருக்கலாம். அசோகர் முறைப்படி படித்தால் ‘மாகான’ என்று வருவது, தமிழ் முறைப்படி ‘மகன்’. தமிழ்ப் பிராமி எழுத்து மூன்று கட்டங்களாக வளர்ந்ததையும், கடைசிக் கட்டத்தில் மெய்யைக் காட்டப் புள்ளி வந்ததையும் மகாதேவன் வகுத்துரைத்தார்.

பலன் உடனே தெரிந்தது. மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும், கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு அளித்த கொடையும் தெளிவாயின. கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டை அவர் 1965இல் படித்தபோது, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் மூன்று தலைமுறையினர் வரிசையாக வந்தனர். பதிற்றுப்பத்தில் பாடப்பெற்ற சேரர்களோடு இவர்களை இணைத்துக் காட்டியதால், சங்க இலக்கியத்தின் காலத்தைக் கணிக்கக் கல்லில் ஒரு சான்று அமைந்தது.

1970இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்றுச் சிந்துவெளி எழுத்தை எடுத்துக்கொண்டார். பொருள் சொல்லும் அவசரத்துக்கு முன் தரவுகளை ஒழுங்கு செய்தார்: எழுத்துப் பொறித்த முத்திரைகளையும் பிற பொருட்களையும் தொகுத்து, கணினியின் துணையோடு 417 குறிகளை அடையாளம் கண்டு, எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்ற தொடரடைவை அமைத்தார். இந்தியத் தொல்லியல் துறை 1977இல் அதை வெளியிட்டது. சிந்துவெளி மொழி திராவிடம் என்பது அவர் கருத்து. அக்கருத்தை ஏற்காத ஆய்வாளரும் அந்தத் தொடரடைவைப் பயன்படுத்துகிறார்கள்.

1980இல் விருப்ப ஓய்வு பெற்ற அவர், 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியராக இருந்தார். பிறகு அறுபது வயதைத் தாண்டிய நிலையில் மீண்டும் மலையேறினார். 1960களில் தாம் படித்த கல்வெட்டுகளை நேரில் சரிபார்த்து, பாறையிலிருந்தே புதிதாகப் படியெடுத்து, பழைய வாசிப்புகளைத் திருத்தினார். அதன் விளைவே பழந்தமிழ்க் கல்வெட்டியல் குறித்து 2003இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சென்னை க்ரியா பதிப்பகமும் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல். 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2018 நவம்பர் 26 அன்று சென்னையில் மறைந்தார்.

அசோகர் காலத்துக்குப் பிறகே பிராமி தமிழகம் வந்தது என்று அவர் கொண்டார். பொருந்தல், கீழடி அகழாய்வுகளின் காலக்கணிப்பைக் காட்டி, எழுத்து அதற்கும் முந்தியது என்கின்றனர் வேறு ஆய்வாளர்கள். விவாதம் முடியவில்லை. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் படியும் வாசிப்பும் விளக்கமும் அருகருகே தந்திருப்பதால், அவரை மறுக்க முனைபவரும் முதலில் அவர் நூலைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.