நாய்க்குட்டிகளும் சுயமரியாதையும்

(கூட்டமொன்றில் நாம் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். ஜாதியைப் பற்றியும், மதத்தைப் பற்றியும், பெண்ணடிமையைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில், சிறு குழந்தைகள் பார்க்கிற ஒரு நாய்க்குட்டிச் சித்திரப் படத்தைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 40 வயதில் ஒரு மனிதன் கல்லின் முன் விழுந்து கும்பிடுகிறான். தன்னைவிட அறிவில் குறைந்தவனை “சாமி” என்று கூப்பிடுகிறான். தலைவிதி என்று சொல்லி அடியை வாங்கிக் கொள்கிறான். இவற்றை அவன் 40 வயதிலா கற்றுக்கொண்டான்? இல்லை. நாலு வயதில் “ஏன்?” என்று கேட்டபோது, “வாயை மூடு, சாமி கண்ணைக் குத்தும்” என்று அவனுக்குச் சொல்லப்பட்டதே, அங்கேதான் கற்றுக்கொண்டான். ஆகையால் நாலு வயதுக் குழந்தையின் காதில் என்ன கதை விழுகிறது என்பது சுயமரியாதைக்காரர்களுக்குச் சம்மந்தமில்லாத விஷயமல்ல.

நாம் சொல்லுகிற படத்தின் பெயர் “ப்ளூயி” என்பது. ஆஸ்திரேலியா தேசத்தில் குவீன்ஸ்லாந்து மாகாணத்துப் பிரிஸ்பேன் நகரத்தில், ஜோ பிரம் என்பவர் கற்பனை செய்து, லூடோ ஸ்டூடியோ என்ற நிலையத்தார் தயாரித்தது. 2018-ம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி அத்தேசத்துப் பொது ஒலி-ஒளிபரப்பு ஸ்தாபனமாகிய ஏ.பி.சி. அதை முதன்முதலாகக் காட்டிற்று. ஒவ்வொரு கதையும் ஏறக்குறைய 7 நிமிஷந்தான். இதுவரை 150-க்கு மேற்பட்ட கதைகள் வந்திருக்கின்றன. 2024-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மாத்திரம் ஜனங்கள் இதைப் பார்த்த நேரம் 5,500 கோடி நிமிஷத்துக்கு மேல் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். எந்தப் புராணத்தை எந்தப் பாகவதர் சொன்னாலும் ஒரு வருஷத்தில் இவ்வளவு நேரம் கேட்க ஆளிருக்காது!

கதை என்ன? ஒரு நாய்க் குடும்பம். தகப்பன் பெயர் பேண்டிட், நீல நிறம். தாய் பெயர் சில்லி, சிவப்பு நிறம். மூத்த பெண் ப்ளூயி, தகப்பனைப் போல் நீலம். ஆரம்பத்தில் அவளுக்கு ஆறு வயது. இளையவள் பிங்கோ, தாயைப் போல் சிவப்பு. அவளுக்கு நாலு வயது. இதில் ராக்ஷதன் இல்லை, ரிஷி இல்லை, சாபம் இல்லை, வரம் இல்லை. விளையாட்டுச் சாமான் யாருக்கு முதலில், யார் முறை முதலில், சைக்கிள் ஓட்ட வரவில்லையே என்ன செய்வது என்பன போன்ற சில்லறைக் கஷ்டங்களே கதை. முதல் கதையே ஒரு விளையாட்டு வாத்தியத்துக்காக அக்காளும் தங்கையும் “என் முறை, உன் முறை” என்று சண்டை போடுவதுதான். இந்தச் சில்லறைக் கஷ்டங்களை அந்தக் குட்டிகள் எப்படித் தீர்த்துக்கொள்கின்றன என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அதற்கு முன், மிருகங்களை வைத்து நமக்குச் சொல்லப்பட்ட பழைய கதை ஒன்றை நினைத்துப் பாருங்கள். மிருகக் கதை நமக்குப் புதிதல்ல, பஞ்சதந்திரம் இருக்கிறது. ராஜகுமாரர்களுக்குப் புத்தி புகட்ட விஷ்ணுசர்மா என்ற பிராமணப் பண்டிதர் சொன்னதாக அந்த நூலே கூறுகிறது. அதில் ஒரு சிங்கக் கதை உண்டு. பெண் சிங்கம் ஒன்று தன் இரண்டு குட்டிகளோடு ஒரு நரிக்குட்டியையும் சேர்த்துப் பால் கொடுத்து வளர்க்கிறது. மூன்றும் அண்ணன் தம்பிகளாக வளர்கின்றன. ஒரு நாள் யானை ஒன்று வருகிறது. சிங்கக்குட்டிகள் பாயப் பார்க்கின்றன. நரிக்குட்டி பயந்து ஓடுகிறது. வீட்டில் அண்ணன் தம்பிகள் சிரிக்கிறார்கள். நரிக்குட்டிக்குக் கோபம் வருகிறது. அப்போது வளர்த்த தாய் அதைத் தனியே அழைத்து, நீ பிறந்த குலத்தில் யானையைக் கொல்லும் வழக்கம் இல்லை, நீ நரி என்று இவர்களுக்குத் தெரிவதற்குள் ஓடிப் பிழைத்துக்கொள் என்கிறது. அதுவும் ஓடிப் போகிறது.

தோழர்களே! இது குழந்தைக் கதையா, மனுதர்மத்தின் முதல் பாடமா? ஒரே பால், ஒரே குகை, ஒரே தாய். இருந்தும் பிறப்பு மாறாது, பிறந்த இடத்துக்கே போ என்பதுதானே இதன் நீதி? யானையைக் கண்டு பயப்படுவது புத்தியில்லாத காரியமா என்றுகூட அந்தப் பண்டிதர் யோசிக்கவில்லை. பயந்த குட்டிக்கு ஒரு தாய் தைரியம் சொல்லிக் கொடுக்கலாகாதா என்றும் யோசிக்கவில்லை. “உன் குலம் அது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இப்போது ப்ளூயியின் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். நாய்களிலும் எத்தனையோ இனம் உண்டு. குட்டைக் கால் நாய், சடை நாய், ஆடு மேய்க்கிற நாய், வேட்டை நாய் எல்லாவற்றின் குட்டிகளும் ஒன்றாகப் படிக்கின்றன, ஒன்றாகத் தின்கின்றன, ஒன்றாக விளையாடுகின்றன. நீலத்துக்கும் சிவப்புக்கும் பிறந்த இரு குட்டிகளில் எது உயர்ந்தது என்ற பேச்சே இல்லை. முகாம் போட்ட இடத்தில் பிரெஞ்சு மட்டும் பேசுகிற ஒரு பையன் கிடைக்கிறான். இவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் இருவரும் சேர்ந்து விளையாடுகிறார்கள். காது கேளாத ஒரு பையனுடைய தாய் அவனோடு கைச்சாடையால் பேசுகிறாள். அதை யாரும் பூர்வஜென்ம பாவம் என்று சொல்லவில்லை. நாயை இழிவுக்கு உவமை சொல்லுகிற நாம், ஜாதி பாராட்டாமல் சேர்ந்திருக்க நாய்க்குட்டிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலைமையில் இருக்கிறோம்!

இனி, கஷ்டம் தீர்க்கிற வகைக்கு வருவோம். ஒரு கதையில் அக்காளும் தங்கையும் பாட்டி வேஷம் போட்டு விளையாடுகிறார்கள. நடுவில் ஒரு தகராறு. கையையும் இடுப்பையும் ஆட்டி ஆடுகிற ஒரு புது நடனத்தைத் தங்கை ஆடுகிறாள். “பாட்டிகளுக்கு அது ஆட வராது” என்கிறாள் அக்காள். “வரும்” என்கிறாள் தங்கை. நம் ஊராக இருந்தால் என்ன நடக்கும்? சாஸ்திரத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருவர் புரட்டுவார். பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள் என்பார் மற்றொருவர். அல்லது இருவர் முதுகிலும் இரண்டு வைத்து உட்கார வைப்பார்கள். அந்தக் குட்டிகள் என்ன செய்தன? நேரே பாட்டிக்கே போன் போட்டு, ஆட வருமா என்று கேட்டுவிட்டன! இதற்குப் பெயர்தான் தோழர்களே, பகுத்தறிவு. சந்தேகம் வந்தால் சம்மந்தப்பட்டவரைக் கேள், பரீக்ஷித்துப் பார் என்பதற்குமேல் பகுத்தறிவில் வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

பாட்டிக்கு ஆட வரவில்லை. அக்காள் ஜெயித்தாள். ஆனால் தங்கை மனம் நொந்து விளையாட்டை விட்டுப் போய்விட்டாள். அப்போது, நீ சொன்னது சரி என்பது உனக்கு முக்கியமா, தங்கை உன்னோடு விளையாடுவது முக்கியமா என்ற கேள்வி வருகிறது. அவள் யோசிக்கிறாள். யோசித்து, பாட்டிக்கு அந்த நடனத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகிறாள்! பாட்டியும் ஆடுகிறாள்.

இந்த இடத்தை நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டும். பாட்டிக்கு ஆட வராது என்பது காலையில் உண்மையாக இருந்தது. சாயந்திரம் அது பொய்யாகிவிட்டது. யாரால்? கற்றுக்கொடுத்தவளால். “தெரியாது” என்பது வேறு, “முடியாது” என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தானே நம்மை ஆயிரக்கணக்கான வருஷமாக ஏய்த்து வந்தார்கள்? சூத்திரனுக்குப் படிப்பு வராது என்றார்கள். படிக்க விடாமல் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார்கள். பெண்ணுக்குப் புத்தி போதாது என்றார்கள்; அடுப்பங்கரையில் பூட்டி வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார்கள். கதவு திறந்த பிறகு படிப்பும் வந்தது, புத்தியும் இருந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை 7 நிமிஷத்தில் ஒரு நாய்க்குட்டி குழந்தைக்குச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு கதையில் ப்ளூயிக்குச் சைக்கிள் வரவில்லை. அழுகிறாள். தகப்பன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மற்றக் குழந்தைகளை வேடிக்கை பார்க்கச் செய்கிறான். தங்கை ஒரு குழாயில் தண்ணீர் குடிக்கப் படாத பாடு படுகிறாள். ஒரு குட்டிக்கு உயரத்திலுள்ள கம்பி எட்டவில்லை. இன்னொரு குட்டிக்குப் பையை முதுகில் மாட்ட வரவில்லை. எல்லாரும் தோற்கிறார்கள், கோபப்படுகிறார்கள், மறுபடியும் வேறு மாதிரி செய்து பார்க்கிறார்கள், கடைசியில் வெற்றி பெறுகிறார்கள். ப்ளூயி எழுந்து சைக்கிளை எடுக்கிறாள். இதில் யாராவது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்களா? ராகுகாலம் பார்த்தார்களா? இல்லை. முயற்சியும் யோசனையுந்தான்.

குழந்தைகளிடத்தில் சாவைப் பற்றிப் பேசுவதற்குக் கடவுளும் மோக்ஷமும் இல்லாமல் முடியாது என்று சிலர் சொல்லுவதுண்டு. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. தகப்பனும் ப்ளூயியும் அடிபட்டுக் கிடக்கிற ஒரு சிறு கிளியைக் கண்டெடுத்து வைத்தியரிடம் கொண்டுபோகிறார்கள். கிளி செத்துப் போகிறது. அது சொர்க்கத்துக்குப் போயிற்று என்றோ, கடவுள் கூப்பிட்டுக்கொண்டார் என்றோ ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. குழந்தை வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே விளையாட்டாக நடத்திப் பார்க்கிறாள். விளையாட்டிலும் கிளி சாகிறது. அப்படியே அவள் மனம் ஆறுகிறது. உண்மையைத் தாங்கிக்கொள்ளக் குழந்தைக்குச் சக்தி உண்டு. தாங்க முடியாதவர்கள் பெரியவர்கள்தான்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் உண்டு. இந்த வீட்டில் தாய் விமான நிலையத்தில் பாதுகாப்பு உத்தியோகம் பார்க்கிறாள். தகப்பன் புதைபொருள் ஆராய்ச்சிக்காரன். நாய்க்கு எலும்பு தோண்டுகிற உத்தியோகம் பொருத்தந்தானே! அவன் துணி மடிக்கிறான், குப்பை எடுத்துப் போடுகிறான், குழந்தைகள் சொல்லுகிற வேஷமெல்லாம் போடுகிறான். அதனால் அவனுடைய ஆண்மை ஒன்றும் குறைந்துவிடவில்லை. நீல நிறமாயிருக்கிறபடியால் ப்ளூயி ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டவர்கள் அந்த நாட்டிலும் அமெரிக்காவிலும் ஏராளம். தைரியமாக ஓடியாடுகிற குட்டி பெண் என்று நினைக்கவே மனிதர்களுக்கு வருவதில்லை. அந்த நோய் நம் நாட்டில் மாத்திரம் உள்ளதல்ல என்பது இதனால் விளங்கும்.

“அந்தத் தகப்பனுக்கு விளையாட நேரம் இருக்கிறது, எங்களுக்கு ஏது?” என்று தொழிலாளத் தோழர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. அது வசதியுள்ள வீடு; பெரிய வீடு, தோட்டம், மோட்டார் எல்லாம் உண்டு. எல்லாருக்கும் அது கிடைத்துவிட்டதுபோல் காட்டுவது அந்தப் படத்தின் குறைதான். ஆனால் ஆஸ்திரேலியாவில் தகப்பன்மார்களுக்குச் சாயந்திரம் என்று ஒன்று வானத்திலிருந்து விழவில்லை. 1856-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி மெல்போர்ன் நகரத்துக் கல்தச்சர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் போய், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்பதைச் சம்பளக் குறைவில்லாமல் சம்பாதித்தார்கள். குழந்தையோடு விளையாட நேரமில்லாதவர்கள் செய்யவேண்டிய காரியம் அந்த நேரத்தைக் கேட்டு வாங்குவதே ஒழிய, குழந்தையை அடட்டுவதல்ல.

குறை என்றவுடன் இன்னும் இரண்டு சொல்லவேண்டும். 2020-ம் வருஷத்தில், இக்கதைகளில் வந்த ஒரு கேலிச் சொல் ஆதிவாசிகளை இழிவுபடுத்துவதாயிருக்கிறது என்று பார்த்தவர்களிடமிருந்து புகார் வந்தது. ஏ.பி.சி. ஸ்தாபனத்தார் மன்னிப்புக் கேட்டுச் சொல்லை மாற்றினார்கள். 2023-ல், தகப்பனும் தாயும் தங்கள் உடல் பருமனைப் பற்றி வருத்தப்படுகிற காட்சி குழந்தைகள் மனத்தைக் கெடுக்கும் என்று கண்டனம் வந்தது. அதையும் வெட்டி வெளியிட்டார்கள். இந்த இரண்டையும் நாம் அந்தப் படத்துக்கு இழிவு என்று சொல்லவில்லை. பெருமை என்றே சொல்லுகிறோம். மனிதன் செய்தது, மனிதன் தப்புக் கண்டான், மனிதன் திருத்தினான். நம்மை வேசி மக்கள் என்று எழுதி வைத்திருக்கிற புஸ்தகத்தில் ஒரு எழுத்தையாவது எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பகவான் சொன்னது என்று வந்துவிடுவார்கள். திருத்த முடிவது அறிவு, திருத்தக்கூடாதென்பது மதம்.

கடைசியாக ஒன்று. இந்தப் படத்தை வாங்கிக் காட்டினாலே குழந்தை பகுத்தறிவுக்காரனாகிவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. அதையும் வியாபாரமாக்கிப் பொம்மையும் சட்டையும் விற்கிறார்கள். வாங்கினவன் குழந்தைக்கு அறிவு பொம்மையோடு வந்துவிடாது. படம் 7 நிமிஷத்தில் முடிந்துவிடும். பாக்கி நாளெல்லாம் குழந்தை உங்களிடத்தில்தான் இருக்கிறது. அது “ஏன்?” என்றால் காரணம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் “எனக்குத் தெரியாது, இருவரும் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். இரண்டு குழந்தைகள் சண்டையிட்டால் தீர்ப்புச் சொல்ல ஓடாதீர்கள். அவர்களே பேசித் தீர்க்கக் கொஞ்சம் இடம் விடுங்கள். பெண்குழந்தையை விட்டுக்கொடுக்கச் சொல்லியும், ஆண்குழந்தையைப் பிடுங்கிக்கொள்ள விட்டும் வளர்க்காதீர்கள். பூச்சாண்டியையும் சாமியையும் காட்டிச் சோறு ஊட்டாதீர்கள். நாலு வயதில் பூச்சாண்டிக்குப் பயந்தவனைத்தான் 40 வயதில் புரோகிதன் பயமுறுத்துகிறான்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் குழந்தைகளிடத்தில் ஒரு வாரம் செய்து பாருங்கள். சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். தப்பென்று பட்டால் தள்ளிவிடுங்கள். அந்த நாய்க்குட்டிகள் செய்வதும் அவ்வளவுதான்.