சாலை மரத்தின் தலையை வெட்டாதே!

(பனவடலிசத்திரத்தில் விவசாயத் தொழிலாளர், விசைத்தறித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, ரேஷன், மனைப்பட்டா என்று பேசும் மேடையில் மரத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் ஊர்ப் பெயரையே பிரித்துப் பாருங்கள். வடலி என்றால் இளம்பனை. சத்திரம் என்றால் வழிநடப்பவன் இளைப்பாறும் இடம். மரமும் இளைப்பாறலும் சேர்ந்ததுதான் இந்த ஊர்.

சாலைக்கு நிழல் வேண்டும் என்பது பழைய நியாயம். மனிதருக்கும் கால்நடைக்கும் நிழல் கிடைக்கச் சாலையோரம் ஆலமரம் வைக்கச் செய்ததாக, 2200 ஆண்டுகளுக்கு முன்பே அசோகச் சக்கரவர்த்தி தூணில் பொறித்து வைத்தான். 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் தென்பாண்டிச் சீமையில் இன்றும் 'மங்கம்மாள் சாலை' என்கிறார்கள். ராஜா பெயரும் ராணி பெயரும் நிலைத்துவிட்டன. குழி தோண்டியவன், குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் நம் பாட்டன், பாட்டிமார்.

நிழல் யாருக்கு?

கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்ச்சியான காரில் போகிறவருக்குச் சாலை மரம் ஓர் அலங்காரம். களையெடுத்துவிட்டுத் திரும்புகிற பெண்ணுக்கும், ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற தறித் தொழிலாளிக்கும் அதுதான் கூரை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலைத்தலத்தில் குடிநீரோடு நிழலும் தர வேண்டும் என்று எழுதப்பட்டது. நிழல் தானமல்ல, தோழர்களே! உழைப்பவனின் உரிமை.

கவாத்து வேறு, மொட்டை வேறு

மரத்தை வெட்டவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பாரிசிலும் லண்டனிலும் தெருவோரத்துப் பிளேன் மரங்களைத் தலைவெட்டி வளர்க்கும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பூங்காவிலும் அப்படிப்பட்ட மரவரிசை இருக்கிறது. அதற்கு ஒரு முறை உண்டு. மரம் இளசாக இருக்கும்போதே தொடங்குவார்கள். இலை உதிர்ந்த குளிர்காலத்தில், ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, முன்பு வெட்டிய அதே முண்டில் துளிர்த்த சிறு கொம்புகளை மட்டும் எடுப்பார்கள். கோடையில் மறுபடி நிழல் வந்துவிடும்.

நம் ஆடு மேய்ப்பவருக்கும் இந்த ஞானம் உண்டு. தொரட்டி போட்டுக் குழை இழுப்பாரே தவிர, அடுத்த ஆண்டுக்கான கொப்பை அழிக்கமாட்டார்.

ஆனால் பல ஊர்களில் நடப்பது என்ன? கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு கிளையைக் காட்டி, ஐம்பது ஆண்டு மரத்தை நடுத்தண்டோடு மொட்டையடிக்கிறார்கள். அந்தப் பெரிய காயம் எளிதில் மூடாது. மழைநீர் இறங்கி உள்ளே உளுத்துப்போகும். பக்கத்தில் கொத்தாக வரும் புதுக்கொம்புக்கு உறுதியான பிடிப்பில்லை. நாலு வருஷம் கழித்துக் காற்றடித்தால் அதுதான் முறிந்து தலையில் விழும். அப்புறம், "மரம் ஆபத்து" என்று அடியோடு சாய்ப்பார்கள்! வேம்பும் பூவரசும் துளிர்த்தாவது பார்க்கும். பனைக்கு ஒரே குருத்து. கொண்டையை வெட்டினால் அதோடு முடிந்தது.

வெட்டிய விறகு குத்தகைக்காரருக்கே சொந்தம் என்றால் அரிவாள் எந்த இடத்தில் நிற்கும்? நீங்களே சொல்லுங்கள்.

மரம் ஏறுகிறவன் உயிர்

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வெட்ட ஏறுகிறவனும் நம் ஆள்தான், அன்றாடக் கூலி. இடுப்புக்கயிறு இல்லை, தலைக்கவசம் இல்லை. பச்சைக் கிளை கம்பியில் பட்டால் மின்சாரம் அவன் உடம்பில் பாயும். மரத்தைக் காக்கச் சொல்லும் நாம் அவன் உயிரையும் காக்கச் சொல்ல வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. கம்பிக்குத் தேவையான அளவு கிளையை மட்டும் வெட்டு. நடுத்தண்டில் கை வைக்காதே.

2. பங்குனி, சித்திரை வெயிலில் நிழல் மரத்தை மொட்டையடிக்காதே.

3. மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆளை ஏற்று. கயிறு, தலைக்கவசம், இன்சூரன்ஸ் கொடு.

4. விறகு விற்ற பணத்தைப் பஞ்சாயத்துக் கணக்கில் காட்டு. அதில் புதுக்கன்று நடு. உயரமாகப் போகிற மரத்தைக் கம்பிக்கு நேர்கீழே வைக்காதே.

5. தண்ணீர் ஊற்றுகிறவருக்கு முழுக்கூலி கொடு.

பிரான்ஸ் நாட்டில் சாலையோர மரவரிசைகளைப் பாதுகாக்க 2016இல் சட்டமே செய்தார்கள். தமிழ்நாட்டிலும் அரசு நிலத்து மரத்தை வெட்ட அனுமதி கேட்பதற்கு மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. ஆனால் காகிதத்தில் உள்ள குழு தானாகச் சாலைக்கு வராது. அரிவாளோடு ஆட்கள் வரும் நாளில், பத்துப் பேராவது கூடி நின்று, "உத்தரவு எங்கே? எந்தக் கிளை? எவ்வளவு?" என்று கேளுங்கள். ஏறுகிறவனோடு சண்டை வேண்டாம், அனுப்பியவரைக் கேளுங்கள். கிராமசபையில் எழுந்து பேசுங்கள். ஊர் எல்லைக்குள் நிற்கிற மரங்களை இளைஞர்கள் எண்ணிக் கணக்கெடுங்கள். எண்ணிக்கை நம் கையில் இருந்தால், ஒன்று குறைந்தாலும் கேள்வி கேட்கலாம்.

கூலியைக் கேட்டு வாங்கிய நாம், நிழலையும் கேட்டு வாங்குவோம்!