திருக்கோயிற் குருக்கள்மாரும் சேமநிதியும்

(திருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழா மேடையில் பேசத்தக்க பொருள்தானா இது என்று சிலர் எண்ணக்கூடும். கொடியேற்றம், தேர், தீர்த்தம் யாவும் நிறைவுற்றபின் அன்பர்கள் வீடு திரும்புவர். மறுநாள் வைகறையில் தனியே வந்து திருக்கதவம் திறப்பவர் குருக்கள். அவருக்கும் அறுபது வயது வரும். முழங்கால் மடங்காது, தீபம் ஏந்திய கை நடுங்கும். ஆலயம் தந்த குடியிருப்பையும் அடுத்து வருபவருக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். அதன்பின் அவர் எங்கே செல்வார்?

முன்னோர் இதனை எண்ணாமல் இருந்தாரல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் பொறித்த கல்வெட்டைக் காண்க. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் ஏனைய பணியாளர்க்கும் இத்தனை பங்கு என்று வகுத்து, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று அது விதித்துள்ளது. பணியாளர் இறந்துபடின் அவர்தம் உறவினர் அப்பணியையும் பங்கையும் பெறுவர் என்றும் எழுதிவைத்தான். நிலமும் நெல்லும் குடிவழியாக நின்று காத்த ஏற்பாடு அது. மலாயாவுக்கு வந்த கோயில்களுக்கு அத்தகைய மானிய நிலம் ஏது? இங்குள்ளது மாதச் சம்பளம் ஒன்றே.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக் கந்தசுவாமி கோயிலை எழுப்பியோர் யாழ்ப்பாணத்துச் சைவப் பெருமக்கள். அவர்களுள் பலர் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாய் இருந்தவர்கள். 'மலாயா பென்ஷன்' என்னும் சொல் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மதிப்பும் உறுதியும் மிக்க சொல்லாய் வழங்கியது. ஓய்வூதியத்தின் அருமையை அவர்களினும் நன்கறிந்தார் யார்? கருவறைக்குள் நின்றவர்க்கோ அத்தகைய ஏற்பாடு கிடையாது. கிள்ளானில் 1892இல் தோன்றிய சுந்தரராசப் பெருமாள் கோயிலாயினும், தலைநகரில் 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயிலாயினும், அக்காலத்து நிலை வேறாக இருந்திருக்க இயலாது. ஊழியர் சேமநிதியே இந்நாட்டில் 1951இல்தான் உருப்பெற்றது.

இன்று நடப்பிலுள்ளது 1991ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டம். வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும் அதன் கண்ணில் ஒன்றே. "குருக்களுக்கு நியமனக் கடிதமே கொடுக்கவில்லையே" என்பது செயலவைக்கு விடுதலை தரும் காரணம் ஆகாது. ஆலயத்தின் பணிப்பில் மாதச் சம்பளம் பெறும் மலேசியக் குடியுரிமையுள்ள குருக்கள், ஓதுவார், நாதசுவரக் கலைஞர், மடப்பள்ளி ஊழியர் யாவர்க்கும் அறுபது வயதுவரை சம்பளத்தில் 11 விழுக்காட்டைப் பிடித்து, ஆலயம் தன் பங்காக 13 விழுக்காட்டைச் சேர்த்து, அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் செலுத்த வேண்டும். (சம்பளம் 5,000 ரிங்கிட்டைக் கடந்தால் ஆலயத்தின் பங்கு 12 விழுக்காடு, அத்தகைய குருக்கள் எத்தனை பேரோ!) அறுபதுக்குப் பின்னும் பணியாற்றுவோருக்கு ஆலயம் 4 விழுக்காடு செலுத்த வேண்டும்.

2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டையே கொள்வோம். குருக்களின் பங்கு 187, ஆலயத்தின் பங்கு 221; ஆக மாதம் 408 ரிங்கிட். இருபது ஆண்டுகளில் இலாப ஈவு நீங்கலாகவே 97,920 ரிங்கிட் சேரும். சிறுதொகையன்று; பெருந்தொகையும் அன்று. மாதம் 1,000 ரிங்கிட் வீதம் இருபது ஆண்டுகள் செலவிட 240,000 ரிங்கிட் தேவை என்பது 2019இல் சேமநிதி வாரியம் வகுத்த அடிப்படைக் கணக்கு.

இக்குறைவுக்கு ஒரு காரணம் தட்சணை. அடியார் அன்புடன் தட்டில் இடுவது ஆலயம் ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய சம்பளம் அன்று. ஆகவே அது சேமநிதிக் கணக்கில் ஏறுவதில்லை. "தட்சணை வருகிறதே" என்று சம்பளத்தைக் குறைத்து வைக்கும் செயலவை, அந்தக் குருக்களின் முதுமையையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. அன்பர்கள் கொடுப்பது அன்றன்றைய செலவுக்குப் போய்விடும். குருக்கள் தாமாகவே கூடுதல் சந்தா செலுத்த வழியுண்டு; அதனை எடுத்துச் சொல்வாரும் வேண்டும்.

செயலவையினர் கருத்தூன்ற வேண்டிய இடம் மற்றொன்று உண்டு. சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, சங்கம் ஒன்று செலுத்தத் தவறிய சந்தாத் தொகைக்குச் சங்கத்தோடு அதன் பொறுப்பாளர்களும் கூட்டாகவும் தனித்தனியாகவும் கடன்பட்டவர்கள். பாக்கி விழுந்த காலத்தில் பதவியிலிருந்து பின்னர் விலகியோரும் அதில் அடங்குவர். தேர்தலில் தோற்றுப் பதவி இழந்த பொருளாளர், கடனையும் இழந்துவிட்டதாய் மகிழ இயலாது! செலுத்தத் தவறுவது மூன்றாண்டு வரையிலான சிறைக்கோ 10,000 ரிங்கிட் வரையிலான அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை அனுமதியில் வரும் குருக்கள்மாரின் நிலை நெடுங்காலம் வேறாயிருந்தது. அவர்களுக்குச் சேமநிதி கட்டாயமன்று. 2025 அக்டோபர் முதல் ஆலயம் 2 விழுக்காடும் அவர் 2 விழுக்காடும் செலுத்துதல் கட்டாயமாயிற்று. தாயகம் திரும்புகையில் அத்தொகையை மீட்டுக்கொள்ளலாம். சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டம் 2019 முதலே வெளிநாட்டவர்க்கும் உண்டு. அபிடேக நீரும் எண்ணெயும் வழியும் கருங்கல் தளத்தில் நாளெல்லாம் வெறுங்காலுடன் நடப்பவருக்கு இது வீண் செலவு என்று யாரும் சொல்லார்.

வருமான வரியைப் பொறுத்தவரை, 1995 முதல் நடைமுறையிலுள்ள மாதாந்திர வரிப்பிடித்தம் குறைந்த சம்பளத்தினரைத் தொடாது. எனினும் ஆண்டுதோறும் பிப்ரவரி இறுதிக்குள் இ.ஏ. படிவம் தரும் கடமை ஆலயத்துக்கு உண்டு. சமயப் பணி என்பதனால் வரி விலகிவிடும் என்றும் கருதலாகாது. வறுமை நோன்பு பூண்டு, சம்பளம் முழுவதையும் தம் சபைக்கே கொடுத்துவிடும் கிறித்துவக் கன்னியரும் பாதிரிமாரும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பெறும் சம்பளத்திலும் வரி பிடிக்கலாம் என்று இந்திய உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் கிராமக் கோயிற் பூசாரிகளுக்கு ஓய்வூதியம் தர அறநிலையத்துறை இருக்கிறது. இங்கு அத்துறைக்கு ஈடாக இருப்பது ஒவ்வோர் ஆலயத்தின் செயலவையே.

இறுதியாக ஒரு சிறு வேலை. குருக்கள் தம் சேமநிதிக் கணக்கில் நியமனதாரர் பெயரைப் பதிந்துள்ளாரா என்று செயலாளர் இவ்வாரமே கேட்டறிய வேண்டும். பெயர் பதிவாகியிருந்தால் பணம் நேரே மனைவி மக்களைச் சேரும். இல்லையேல், கணவரை இழந்த அம்மையார் பத்திரங்களைச் சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்க வேண்டும்.