தோற்காமல் திரும்பியவர்கள்

தோற்றவர் விலக, வென்றவர் மேற்செல்லும் பந்தய முறையை ஆங்கிலத்தில் ‘நாக்-அவுட்’ என்று வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் அடிக்கடி இடர் விளைப்பது. ‘அடித்து வீழ்த்துதல்’ என்றால் அது குத்துச்சண்டை ஆகிவிடும். ‘தோற்றவர் விலகும் முறை’ என்றே நாம் பெரும்பாலும் எழுதிவந்தோம். பொருள் சரிதான். ஆயினும், இம்முறையைக் கால்பந்தாட்டத்தில் நாடளாவிய அளவில் முதன்முதலாகக் கையாண்ட பந்தயத்தின் வரலாற்றைப் படித்தபோது அந்த மொழிபெயர்ப்பின்மீதே நமக்கு ஐயம் தோன்றியது. ஏனெனில், அங்கே விலகியவர்களுள் பலர் தோற்றவர்கள் அல்லர். அந்த வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

இங்கிலாந்தின் கால்பந்தாட்டச் சங்கம் 1863-ஆம் ஆண்டில் லண்டனில் நிறுவப்பெற்றது. ஆட்டத்திற்குப் பொது விதிகளை வகுத்ததே அதன் முதற்பணி. விதிகள் இருந்தனவேயன்றி, அவற்றைக் கொண்டு யார் சிறந்தவர் என்று காணும் வழி இல்லை. கழகங்கள் தமக்குள் கடிதம் எழுதி, நாள் குறித்து, நட்பு முறையில் ஆடிவந்தன. 1871-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், ‘ஸ்போர்ட்ஸ்மன்’ என்னும் பத்திரிகையின் அலுவலகத்தில் சங்கத்தின் குழு கூடியது. அப்போது சங்கத்தின் கௌரவச் செயலாளரான சார்லஸ் ஆல்காக் ஒரு யோசனையை முன்வைத்தார். அவருக்கு அப்போது வயது 28. ஹாரோ பள்ளியில் படித்தவர். அப்பள்ளியின் விடுதிகள் தமக்குள் பந்தயம் நடத்தி, தோற்ற விடுதி விலக, இறுதியில் ஒன்றே நிற்கும் வழக்கத்தை அவர் இளமையில் கண்டிருந்தார். விடுதிகளுக்கிடையே நடந்ததை நாட்டின் கழகங்களுக்கிடையே நடத்தலாகாதா என்பதே அவருடைய எண்ணம்.

அக்கோப்பைக்கு ‘அறைகூவல் கோப்பை’ என்று பொருள்படும் பெயரை இட்டனர். அப்பெயர் வீணாக இடப்பட்டதன்று. ஒருமுறை வென்றவர் மறு ஆண்டில் மற்றவர்களோடு முதலிலிருந்து ஆட வேண்டுவதில்லை. ஏனையோர் ஆடி முடித்து, எஞ்சியவர் வந்து அறைகூவ, அவரோடு மட்டும் ஆடினால் போதும் என்பதே முதற்கருத்து. 1873-ஆம் ஆண்டில் ஒரே ஒரு முறை அவ்வாறே நடந்தது. பின்னர் அவ்வழக்கம் ஒழிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சங்கத்தில் அந்நாளில் சுமார் 50 கழகங்கள் உறுப்பினராயிருந்தன. பந்தயத்தில் சேர்ந்தவை 15 மட்டுமே. அவற்றுள் மிகுதியானவை லண்டன் மாநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவை. தொலைவிலிருந்து வந்தவை இரண்டு: ஒன்று லிங்கன்ஷயரைச் சேர்ந்த டானிங்டன் பள்ளி, மற்றொன்று ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் இயங்கிய க்வீன்ஸ் பார்க் கழகம். வெள்ளிக் கோப்பையின் விலை 20 பவுன். அதற்காக க்வீன்ஸ் பார்க் கழகத்தார் ஒரு கினி நன்கொடை அனுப்பினர் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

நவம்பர் 11-ஆம் நாள் முதற்சுற்றுத் தொடங்கியது. அன்றைய ஆட்டம் இன்றைய ஆட்டத்தைப் போன்றதன்று. கோலுக்கு வலை கிடையாது. குறுக்குக் கட்டைக்குப் பதிலாக நாடா ஒன்றைக் கட்டியிருந்தனர். ஒவ்வொரு கோல் விழுந்ததும் இரு குழுவினரும் பக்கம் மாறினர். ஆட்டம் சமமாக முடிந்தால் மீண்டும் ஆடச் சொல்லவோ, இருவரையுமே அடுத்த சுற்றுக்கு அனுப்பவோ குழுவுக்கு உரிமை இருந்தது. இந்த ஏற்பாட்டில் முதற்சுற்றில் உண்மையாக நடந்த ஆட்டங்கள் நான்கே! பதிவு செய்துகொண்ட 15 கழகங்களில் மூன்று, பந்தைத் தொடாமலே விலகிவிட்டன.

வாண்டரர்ஸ் என்ற குழுவின் வழியைப் பாருங்கள். ‘அலைந்து திரிவோர்’ என்பது அப்பெயரின் பொருள்; தமக்கெனச் சொந்த மைதானம் இல்லாமையால் வந்த பெயர். ஆல்காக்கே அதன் தலைவர். முதற்சுற்றில் அவர்களை எதிர்க்க வேண்டிய ஹாரோ செக்கர்ஸ் வரவில்லை. இரண்டாம் சுற்றில் கிளாப்பம் ரோவர்ஸை வென்றனர். மூன்றாம் சுற்றில் கிரிஸ்டல் பாலஸுடன் ஆடியது சமமாக முடியவே, இருவரும் மேலே சென்றனர். ஆக, ஒரே ஒரு வெற்றியுடன் வாண்டரர்ஸ் அரையிறுதியை எட்டினர்.

க்வீன்ஸ் பார்க் கழகத்தின் வழி இதனினும் விந்தையானது. அவர்களும் டானிங்டன் பள்ளியாரும் ஆட நாளும் இடமும் ஒத்துவரவில்லை. இரு சாராரையும் இரண்டாம் சுற்றுக்கு அனுப்பி, அங்கும் அவர்களையே எதிரெதிராக நிறுத்தினர். டானிங்டன் விலகிற்று. மூன்றாம் சுற்றில் எஞ்சியவர் ஐவர். ஒற்றைப்படையாதலின் க்வீன்ஸ் பார்க் ஆடாமலே முன்னேறியது. இங்ஙனம் ஓர் ஆட்டமும் ஆடாமல் அவர்கள் அரையிறுதிக்கு வந்து சேர்ந்தனர்.

ஆனால் அரையிறுதி லண்டனில், கென்னிங்டன் ஓவல் மைதானத்தில். கிளாஸ்கோவிலிருந்து சுமார் 400 மைல். கழகத்தாரிடம் பணம் இல்லை. நகரமக்கள் சந்தா திரட்டிக் கொடுத்த பொருளைக் கொண்டு ரயிலேறினர். 1872-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாண்டரர்ஸை எதிர்த்து ஆடினர். அவர்களும் கோல் போடவில்லை, எதிரிகளையும் போடவிடவில்லை. ஆட்டம் சமமாயிற்று. மீண்டும் ஒரு நாள் ஆட வேண்டும் என்பது முடிவு. லண்டனில் தங்கவோ, ஊர் சென்று மறுபடி வரவோ அவர்களிடம் கையில் காசில்லை. எனவே விலகிக்கொள்வதாக அறிவித்து ஊருக்குத் திரும்பினர். அவர்களை வென்றவர் யாருமில்லை. அவர்கள் பக்கம் விழுந்த கோல் ஒன்றுமில்லை. ரயில் கட்டணமே அவர்களை வெளியேற்றிற்று.

மார்ச் 16-ஆம் நாள் அதே ஓவலில் இறுதிப் பந்தயம். சுமார் 2,000 பேர், ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துக் காண வந்தனர். வாண்டரர்ஸை எதிர்த்தவர் ராயல் எஞ்சினீயர்ஸ் என்ற ராணுவக் குழுவினர். அவர்களே வெல்வார்கள் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் எட்மண்ட் கிரெஸ்வெல் என்ற அவர்களுடைய லெப்டினன்ட்டுக்குக் காறையெலும்பு முறிந்தது. பதிலாள் இறக்கும் வழக்கம் அன்று இல்லை. அவரோ களத்தை விட்டுப் போகாமல் இறுதிவரை நின்றார். சிறிது நேரத்தில் வாண்டரர்ஸ் ஒரு கோல் போட்டனர். அந்த ஒரு கோலே கோப்பையை முடிவு செய்தது.

கோல் போட்டவர் ‘ஏ. எச். செக்கர்’ என்று பட்டியலில் இருந்தது. அது புனைபெயர். அவருடைய இயற்பெயர் மார்ட்டன் பெட்டோ பெட்ஸ். ‘ஹாரோ செக்கர்ஸ் கழகத்தைச் சேர்ந்த ஒருவன்’ என்பதே புனைபெயரின் உட்பொருள். முதற்சுற்றில் வாண்டரர்ஸுக்கு எதிரே வராமல் விலகிய கழகம் எதுவோ, அதைச் சார்ந்தவரே வாண்டரர்ஸுக்குக் கோப்பையைத் தேடித் தந்தார்!

யோசனை கூறியவரே கோப்பையையும் வென்றார் என்று ஆல்காக்கைக் குறைகூறுவது எளிது. அவர் செய்தது வஞ்சகமன்று. புதிய முறை ஒன்றைத் தொடங்கியவர், அதன் குறைகளையும் உடன் தொடங்கிவைத்தார், அவ்வளவே. லண்டனில் வாழ்ந்தவர்க்கு ஓவல் அடுத்த தெரு. கிளாஸ்கோவில் வாழ்ந்தவர்க்கோ அது ஊரார் கொடுத்த சந்தாவின் எல்லை. விதி இருவருக்கும் ஒன்றுதான். வழி ஒன்றாக இல்லை.

திரும்பிச் சென்றவர்கள் சோர்ந்துவிடவில்லை. அதே 1872-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் கிளாஸ்கோவில் ஆடின. இரு நாடுகளுக்கிடையே நடந்த முதல் அதிகாரபூர்வமான பந்தயம் அது. ஸ்காத்லாந்துக்காக ஆடிய பதினொருவரும் க்வீன்ஸ் பார்க் கழகத்தினரே. அன்றும் கோல் விழவில்லை. 1873-இல் ஸ்காத்லாந்துக்கெனத் தனிச் சங்கம் தோன்றிற்று. தனிக் கோப்பையும் ஏற்பட்டது. அதை முதல் மூன்று ஆண்டும் க்வீன்ஸ் பார்க்கே வென்றது. லண்டனுக்குப் போக முடியாதவர்கள் தம் ஊரிலேயே ஒரு லண்டனை உண்டாக்கிக்கொண்டனர் எனலாம்.

மறு ஆட்டத்தின் பின்வரலாறும் கருதத்தக்கது. அன்று பணமில்லாக் குழுவை ஊருக்கு அனுப்பிய அதே மறு ஆட்டம், பிற்காலத்தில் சிறு கழகங்களுக்கு ஊதியமாயிற்று. பெரிய கழகத்துடன் ஆடிச் சமம் செய்துவிட்டால், மறுமுறை ஆடும்போது கிடைக்கும் நுழைவுக் கட்டணப் பங்கு அவர்களுக்கு ஒரு பருவத்தையே ஓட்டித் தரும். 2024-25 ஆட்டப் பருவம் முதல், கோப்பையின் முதன்மைச் சுற்றுக்களில் மறு ஆட்டம் நீக்கப்பட்டது. அதை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களும் சிறு கழகத்தாரே. விதியின் நன்மை தீமை அதன் சொற்களில் இல்லை. அது யார் தலையில் விழுகிறது என்பதிலேயே இருக்கிறது.

இம்முறை நம் நாட்டிற்கும் விரைவில் வந்தது. 1888-இல் மார்ட்டிமர் டூராண்ட் சிம்லாவில் தொடங்கிய கோப்பை இன்றும் நடந்துவருகிறது. நம் நாட்டின் தொலைவு, லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடைப்பட்ட தொலைவினும் பன்மடங்கு பெரிது. தேசியப் பந்தயம் என்று ஒன்றுக்குப் பெயரிடுவோர், கோப்பையின் விலையோடு, கடைக்கோடி ஊரிலிருந்து வருபவரின் ரயில் கட்டணத்தையும், அவர் இரண்டாம் நாளும் தங்குவதற்கான செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அக்கணக்குச் சரியாக இருந்தால்தான் ‘தோற்றவர் விலகும் முறை’ என்ற நம் மொழிபெயர்ப்பும் சரியாக இருக்கும்.