சிறகை வெட்டிவிட்டு அன்பு என்பதா?

இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட சங்கதி மேடைகளில் சாதாரணமாய்ப் பேசப்படுகிற சங்கதியல்ல. கிளியையும் பாம்பையும் பற்றி இத்தனை பேர் கூடி யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எதிர்த்துக் கேட்கக் கூடியவனிடம் ஒருவன் மரியாதையாய் நடந்து கொள்வது பயத்தினாலும் இருக்கலாம். எதிர்த்துக் கேட்க முடியாத ஜீவனிடம் அவன் எப்படி நடக்கிறான் என்பதில்தான் அவனுடைய மனிதத்தன்மை தெரியவரும். ஆகையால் இது யோசிக்க வேண்டிய சங்கதியே என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் பச்சைக்கிளியை எடுத்துக் கொள்ளுவோம். அது கூட்டமாய் வாழுகிற பறவை. மரப்பொந்தில் குஞ்சு பொரித்து, பறந்து திரிந்து இரை தேடுவது அதன் வாழ்வு. அதைக் குஞ்சாகவே பொந்திலிருந்து எடுத்து, இறக்கையின் நீண்ட இறகுகளைக் கத்தரித்து, ஒரு முழக் கூண்டில் அடைத்து வைக்கிறார்கள். வெட்டின இறகு உதிர்ந்து மறுபடியும் புது இறகு முளைக்கிறது; மறுபடியும் வெட்டுகிறார்கள். கூண்டில் இருபது வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கக் கூடிய பறவைக்கு இருபது வருஷமும் இதே கதிதான். கேட்டால், "அது எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று சொல்லுகிறார்கள். தோழர்களே! ஓடிவிடுமென்று பயந்து பிள்ளையின் காலை ஒடித்து வைக்கிற தகப்பன் எங்கேயாவது உண்டா?

இந்தக் கிளியைக் கொண்டுதான் ஜோசியமும் பார்க்கிறார்கள். ஒரு நெல்மணிக்காகப் பழக்கப்பட்ட பறவை ஒரு சீட்டை இழுத்துப் போடுகிறது. அதில் தன் மகளின் கலியாணமும், வியாபாரத்தின் லாப நஷ்டமும் எழுதியிருப்பதாக மனிதன் நம்புகிறான். 2024-ஆம் வருஷ பார்லிமெண்டுத் தேர்தலின்போது கடலூர்ப் பக்கத்தில் ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று கிளி சீட்டெடுத்துக் கொடுத்தது. சில நாளைக்குள் வனத்துறையார் வந்து கிளிகளைக் கைப்பற்றினார்கள். வேட்பாளரும் ஜெயிக்கவில்லை. தன் கூண்டைத் தேடி யார் வரப்போகிறார் என்பதே தெரியாத கிளிக்கு நம்முடைய எதிர்காலம் எப்படித் தெரியும்? 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம் என்பதாவது ஜோசியம் கேட்கப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பாம்பின் கதி இதைவிட மோசம். வடநாட்டில் நாகபஞ்சமியன்று காட்டுவதற்காக நல்லபாம்பின் பல்லைப் பிடுங்கி, சில இடங்களில் வாயையும் தைத்து, பல நாள் தண்ணீரில்லாமல் கூடையில் போட்டு வைக்கிறார்கள். பிறகு பாலை வைத்தால் அது தாகத்தினால் குடிக்கிறது. பால் அதற்கு ஆகாரமல்ல. அதனாலும், வாயிலுள்ள புண்ணினாலும் பல பாம்புகள் செத்துப் போகின்றன. கும்பிடுகிறவருக்குப் புண்ணியம்; கும்பிடப்படுகிறதற்குச் சாவு.

மண்ணுளிப் பாம்பு விஷமில்லாதது. எலியைத் தின்று குடியானவனுக்கு உபகாரம் செய்வது. அதன் வால் மொண்ணையாய்த் தலைபோல் இருப்பதால் "இருதலைப் பாம்பு" என்று பெயர் வைத்து, வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று புரளி கட்டி, நிறை பார்த்து லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். வால் நன்றாய்த் தலை மாதிரி தெரிய வேண்டுமென்று அதில் சூடு போட்டும் கீறியும் கண்ணும் வாயும் உண்டாக்குகிறவர்களும் உண்டு. அதிர்ஷ்டம் தருகிற பாம்பானால் அதை வைத்திருப்பவன் ஏன் விற்கிறான் என்று வாங்குகிறவன் ஒரு நிமிஷமாவது யோசித்தானா?

நிற்க, இவையெல்லாம் படிப்பில்லாதவர் காரியம், நாகரிகமுள்ளவர் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தென்கிழக்காசிய நாடுகளில் ஒருவகைத் தேவாங்கைப் பிடித்து, மயக்க மருந்தும் இல்லாமல் நகவெட்டியால் அதன் பல்லை நறுக்கிச் சந்தையில் விற்கிறார்கள். அதன் கடியில் விஷமுண்டு என்பதே காரணம். அதைக் கூச்சம் காட்டினால் இரண்டு கையையும் தூக்குகிறது. அதைக் கைப்பேசியில் படமாய்ப் பார்த்து, "ஆகா, எவ்வளவு சந்தோஷப்படுகிறது!" என்று படித்தவர்கள் உலகமெங்கும் பூரித்தார்கள். அது கையைத் தூக்குவது சந்தோஷத்தினால் அல்ல. முழங்கைப் பக்கத்திலுள்ள விஷச் சுரப்பியை வாய்க்கு எட்டச் செய்து தன்னைக் காத்துக் கொள்ளத் தூக்குகிறது. நம்முடைய தேவாங்கு அதற்குச் சொந்தக்கார இனம். அதற்காகவே கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் 2022-ஆம் வருஷம் கடவூர் சரணாலயம் ஏற்பட்டது.

மேல்நாடுகளில் சிலர் வீட்டு மெத்தையைக் கிழிக்கிறதென்று பூனையின் நகத்தை எடுத்து விடுகிறார்கள். வெறும் நகத்தை மட்டும் எடுப்பதல்ல இது. ஒவ்வொரு விரலின் கடைசிக் கணுவையும் வெட்டுவதாகும். 2019-ஆம் வருஷத்தில் நியூயார்க் ராஜ்யம் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

இங்கே ஒரு கேள்வி வரும். "நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யச் சொல்லுகிறீர்கள், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிறோம், அதெல்லாம் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாய் பல்லாயிரம் வருஷமாய் மனிதனோடு வாழ்ந்து வருவது. அதற்குத் திரும்பிப் போகக் காடில்லை. மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற ஆபரேஷனால் தெருவில் குட்டிகள் பசியில் சாவது குறைகிறது. மூக்கணாங்கயிற்றைப் பற்றியோ, 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் அதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் விலக்குக் கொடுத்ததனாலேயே மாட்டுக்கு வலியில்லாமல் போய்விடாது. அதையும் நாம் யோசிக்கத்தான் வேண்டும். எதற்கும் நாம் சொல்லுகிற அளவுகோல் ஒன்றே. இந்த வெட்டு யாருடைய நன்மைக்கு? இதைச் செய்யாமல் அந்த ஜீவன் நம்மோடு இருக்க முடியாதென்றால், அது நம்மோடு இருக்க வேண்டிய ஜீவன்தானா?

அன்றியும், கிளி ஜோசியரையும் பாம்பாட்டியையும் வைவது நமது நோக்கமல்ல. அவர்கள் வயிற்றுக்காகச் செய்கிறார்கள். கரடி வித்தையைப் பாருங்கள். குட்டியின் மூக்கைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளைத்துக் கயிறு கோத்து, பல்லை உடைத்து ஆட்டி வந்தார்கள். 1972-லேயே சட்டம் தடுத்தும் வித்தை நிற்கவில்லை. அந்தக் கலந்தர் குடும்பங்களுக்கு வேறு பிழைப்பு காட்டிக் கரடிகளை வாங்கிக் காப்பகத்தில் விட்ட பிறகே, 2009-ஆம் வருஷத்தோடு அது நின்றது. ஆகவே குற்றத்தில் பெரும்பங்கு காசு கொடுத்துப் பார்க்கிற, காசு கொடுத்து வாங்குகிற நம்மவர்களைச் சேர்ந்ததேயாகும்.

கடைசியாக ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஆத்திரத்தில் கூண்டைத் திறந்து விட்டு விடாதீர்கள். இறகு வெட்டப்பட்ட கிளி, பூனைக்கும் காகத்துக்கும்தான் இரையாகும். வனத்துறையாரிடம் ஒப்புவியுங்கள், இறகு முளைத்துப் பறக்கப் பழகின பிறகு அவர்கள் விடுவார்கள். இனி ஒன்றை வாங்காதீர்கள். வாங்குகிற அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். குழந்தை கிளி வேண்டுமென்று அழுதால், சாயங்காலத்தில் அதைத் தோப்புக்குக் கூட்டிக் கொண்டு போய், கூட்டமாய்ப் பறக்கிற கிளிகளைக் காட்டுங்கள்.