வேலையை விட்ட பிறகும் விடாத சங்கிலி

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



டெலிவிஷனில் கோட்டு மாட்டிக்கொண்டு செய்தி படிக்கிறவருக்கும், பஞ்சுத் தூசியிலும் சேற்றிலும் கிடக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவரும் கூலிக்காரர்தான், அதுதான் சம்பந்தம்.

அமெரிக்காவில் ரேடியோ, டெலிவிஷன் நிலையங்களில் வேலைக்குச் சேருகிறவர்களிடம் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது நெடுநாள் வழக்கம். அதில் ஒரு ஷரத்து: இந்த நிலையத்தை விட்டு நின்றால் ஆறு மாதமோ, ஒரு வருஷமோ இதே ஊரில் வேறு நிலையத்தில் வேலை பார்க்கக் கூடாது. தானாக நின்றவருக்கு மட்டுமல்ல, முதலாளியே சீட்டைக் கிழித்து அனுப்பினாலும் பலருக்கு இதே கதி! ஒரு ஊரில் இருப்பதே சில நிலையங்கள். அவர் என்ன செய்வார்? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, குடும்பத்தோடு வேறு ஊர் போக வேண்டும். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டும். இந்த மில்லை விட்டால் இந்தத் தாலுக்காவில் எந்தத் தறியையும் தொடாதே, இந்த மிராசுதாரை விட்டால் பக்கத்து வயலில் நாற்று நடாதே என்றால் நாம் சம்மதிப்போமா?

சம்பள உயர்வு கேட்கவும் அவருக்கு வாய் வராது. போக வேறு இடமில்லாதவனுக்கு எந்த முதலாளி கூட்டிக் கொடுப்பான்?

முதலாளிகள் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். விளம்பரத்துக்குப் பணம் கொட்டி இவர் முகத்தை ஊரறியச் செய்தது நாங்கள், அதை எதிரி நிலையம் கொத்திக்கொண்டு போவதா என்கிறார்கள். பணம் செலவழித்தது உண்மைதான். அந்த முகத்தால் வந்த வருமானம் யார் பெட்டிக்குப் போயிற்று? முகமே திரையில் தெரியாத தயாரிப்பாளரையும் கட்டிப் போட்டது எதற்கு? அத்தனை விலை பெற்ற முகமென்றால் அதை வேலையை விட்டு விரட்டுவானேன்?

ஆஃப்ட்ரா என்னும் அவர்களுடைய யூனியன் இதற்காக ராஜ்யம் ராஜ்யமாக வாதாடியது. மாசசூசெட்ஸில் 1998-லும், நியூயார்க்கில் 2008-லும் ஒலி, ஒளிபரப்பு ஊழியர்களுக்கு இந்த ஷரத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. நியூயார்க் சட்டம் நிர்வாகிகளுக்குப் பொருந்தாது. ஒப்பந்தக் காலம் நடக்கும்போது விலகுகிறவரையும் காப்பாற்றாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தகக் கமிஷன் ஏறக்குறைய எல்லாத் தொழிலுக்கும் தடை அறிவித்தது. சுமார் 3 கோடிப் பேர் இப்படிக் கட்டுண்டிருப்பதாக அதுவே கணக்குச் சொன்னது. ஆகஸ்டில் டெக்சாஸ் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. 2025 செப்டம்பரில் கமிஷன் அப்பீலையும் கைவிட்டது.

இங்கிலாந்தில் 1414-ல் ஒரு சாயத் தொழிலாளியிடம் அரை வருஷம் ஊரில் தொழில் செய்வதில்லை என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அதே ஆறு மாதம், பாருங்கள்! நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. வாதி இங்கிருந்தால் அபராதம் கட்டும்வரை ஜெயிலில் போடுவேன் என்றாராம்.

நம் நாட்டில் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு தொழிலைத் தடுக்கும் ஷரத்து செல்லாது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இதில் நமக்கு உதவுகிறது. ஆனால் எழுதிக்கொடுத்த காலம் முடியுமுன் விலகுவது வேறு சங்கதி. கல்யாணில் ஒரு ரேயான் மில்லில் ஐந்து வருஷத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இடையிலே போட்டி மில்லுக்குப் போன ஷிப்டு சூப்பர்வைசருக்கு எதிராக 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே கையெழுத்துக் கேட்டால், எத்தனை வருஷம் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். புரியாவிட்டால் காகிதத்தை யூனியன் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம்.